கப்பல் எண்ணிக்கையில் சீனா முந்திவிட்டது. அப்புறமும் கடலில் அமெரிக்காதான் முதல் என்கிறார்களே, எப்படி?

கேள்வி: மீஞ்சூர் பையன்

எல்லோருக்கும் வணக்கம். ஹாஸ்டல் அறையில் நேற்று ராத்திரி பெரிய வாக்குவாதம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம் நாங்கள், எதற்கெடுத்தாலும் புள்ளிவிவரத்தோடுதான் சண்டை போடுவோம்.

சீனக் கடற்படையிடம் கப்பலும் நீர்மூழ்கியுமாகச் சேர்த்து 370-க்கு மேல் இருப்பதாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 2024 அறிக்கையில் எழுதியிருக்கிறது. 2030-இல் 435 ஆகுமாம். அமெரிக்காவிடம் இருப்பது 300-க்கும் குறைவு. ஆனாலும் எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் கடலில் அமெரிக்காவுக்குத்தான் முதல் இடம் கொடுக்கிறார்கள். இது பழக்க தோஷத்தில் எழுதுவதா, நிஜமாகவே அப்படித்தானா?

இன்னொரு கேள்வியும் உண்டு. எனக்குச் சொந்த ஊர் மீஞ்சூர். பக்கத்திலே காட்டுப்பள்ளியில் இருக்கிற எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு 2022 ஆகஸ்டில் சார்லஸ் ட்ரூ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுது பார்க்க வந்தது. அன்றிலிருந்து என் மாமா, "இங்கே அமெரிக்காக்காரன் தளம் போடத்தான் போகிறான், எழுதி வைத்துக்கொள்" என்கிறார். போடுவானா?

பதில்: வான்படை ரசிகன்

ரொம்ப சிம்பிள் ப்ரோ. அமெரிக்காவிடம் விமானந்தாங்கிக் கப்பல் 11, எல்லாமே அணுசக்தியில் ஓடுபவை, ஒவ்வொன்றும் ஒரு லட்சம் டன் அளவு. சீனாவிடம் மூன்று: லியாவோனிங், ஷான்டோங், 2025 நவம்பரில் படையில் சேர்ந்த ஃபூஜியான். மூன்றிலும் அணு உலை கிடையாது. மொத்த எடையைக் கூட்டிப் பார்த்தாலும் அமெரிக்காதான் மேலே. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பதில்: பழைய சீஃப்

தம்பி மீஞ்சூர், கப்பலை எண்ணுவதும் விமானந்தாங்கியை எண்ணுவதும் ஒரே மாதிரி வேலைதான். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. சீனாவின் கணக்கில் டைப் 056 என்கிற சின்ன கார்வெட்டுகளே ஐம்பது பக்கம் வரும். கரையை விட்டு அதிக தூரம் போகாத கப்பல்கள் அவை. அதற்காக அவற்றை ஏளனமாகப் பேச வேண்டாம். தைவான் நீரிணை குறுகலான இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர்தான். வீட்டு வாசலில் சண்டை போடுகிறவனுக்குச் சின்னக் கப்பல் போதும். அமெரிக்கா ஒரு பெருங்கடலையே தாண்டி வர வேண்டும். எனவே என் கேள்வி வேறு: வந்து சேர்ந்த கப்பலுக்கு யார் எண்ணெய் ஊற்றுவது, யார் குண்டு ஏற்றிக் கொடுப்பது, உடைந்தால் யார் சரி செய்வது?

நான் தூத்துக்குடிக்காரன். வணிகக் கப்பலில் ஐந்தாம் எஞ்சினியராக ஏறி சீஃப் எஞ்சினியராக இறங்கியவன், பெரும்பாலும் டேங்கர்கள்தான். போர்க்கப்பலில் வேலை பார்த்ததில்லை. ஆனால் எண்ணெய் தீர்ந்தால் எந்தக் கப்பலும் தகர டப்பாதான், அதில் ராணுவம், வணிகம் என்ற பேதமெல்லாம் கிடையாது.

வளைகுடாப் பக்கம் ஃபுஜைராவில் நங்கூரம் போட்டுக்கொண்டு பங்கர், அதாவது கப்பலுக்கான எரிபொருள், எடுப்பதைச் சொல்கிறேன். பார்ஜ் வந்து பக்கத்தில் கட்டும். ஹோஸை இணைப்பதற்கு முன்னால் பார்ஜின் ஒவ்வொரு தொட்டியிலும் சவுண்டிங் டேப்பை இறக்கி அளவு எடுப்போம். வெப்பநிலையைக் குறித்துக்கொள்வோம், எண்ணெய் சூட்டில் விரிந்திருந்தால் காகிதத்தில் இருக்கிற டன் தொட்டியில் இருக்காது. மேனிஃபோல்டில் சொட்டுச் சொட்டாக மாதிரி பிடித்து, பாட்டிலில் ஊற்றி முத்திரை வைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். கப்பல் அசையாமல் நிற்கிறது, யாரும் சுடவில்லை, அப்படியிருந்தும் ஒரு பகல் போய்விடும். மூன்றாம் எஞ்சினியர் அன்று சாப்பிட உட்கார மாட்டான்.

இதையே கடற்படை ஓடிக்கொண்டே செய்கிறது. எண்ணெய்க் கப்பலும் நாசகாரிக் கப்பலும் 12, 13 நாட் வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் போகும். நடுவில் ஐம்பது மீட்டர் பக்கம் இடைவெளி, அதற்குக் குறுக்கே எஃகு வடம், வடத்தில் தொங்கும் குழாய். சுக்கான் பிடிப்பவன் ஒரு டிகிரி அசந்தால் இரண்டு கப்பலுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரே அவற்றை ஒன்றையொன்று பார்த்து இழுத்துவிடும். விமானந்தாங்கிக்கு அணு உலை இருக்கிறது, சரி. அதன் மேல் நிற்கும் விமானங்களுக்கு? கூடவே காவலுக்கு வருகிற ஆர்லி பர்க் நாசகாரிக்கு? அதில் நான்கு எல்எம்2500 கேஸ் டர்பைன் எஞ்சின்கள். (நம் விக்ராந்திலும் அதே எல்எம்2500 நான்குதான்.) சில நாளுக்கு ஒரு தடவை ஊற்றாவிட்டால் அது நகராது. பல ஆயிரம் மைல் தள்ளிப் போய் மாதக்கணக்கில் இந்த வேலையைச் செய்கிற பழக்கம் அமெரிக்காவுக்கு இரண்டாம் உலகப் போரிலிருந்தே இருக்கிறது. முதலிடம் என்று எழுதுகிறார்களே, அதில் பெரும் பங்கு இதுதான் என்பது என் கருத்து.

இப்போது அந்த இடத்தில்தான் அமெரிக்காவுக்கு ஓட்டை விழுகிறது. விமானந்தாங்கியைப் படம் பிடிக்கிறவர்கள் இதைப் படம் பிடிப்பதில்லை.

அந்த எண்ணெய்க் கப்பல்களை ஓட்டுகிறவர்கள் சிப்பாய்கள் அல்ல. ராணுவக் கடல்வழிப் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்க்கிற, என்னை மாதிரி சிவிலியன் கப்பல்காரர்கள். அந்தப் பிரிவுக்குப் போதிய ஆள் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் மாற்றாள் வராததால் இறங்க முடியாது. அப்படி மாட்டிக்கொண்டவன் எத்தனை நாள் பொறுப்பான்? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கரையில் வேலை தேடுவான். 2024 நவம்பரில் இந்த ஆள் பஞ்சத்தாலேயே 17 துணைக் கப்பல்களைக் கட்டிப்போடுவதாகக் கடற்படை முடிவெடுத்தது. கப்பல் இருக்கிறது தம்பி, எஞ்சின் அறையில் நிற்க ஆள் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 செப்டம்பரில், பிக் ஹார்ன் என்ற எண்ணெய்க் கப்பல் ஓமான் பக்கம் அடிபட்டுச் சுக்கான் போய் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. ஆப்ரகாம் லிங்கன் விமானந்தாங்கி அணிக்கு அந்தப் பக்கத்தில் எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்த கப்பல் அதுதான். ஒன்று படுத்ததும் மாற்றுக்கு அலைய வேண்டியதாயிற்று.

ஹவாயில் ரெட் ஹில் என்ற இடத்தில் மலையைக் குடைந்து இருபது தொட்டி கட்டி வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வேலை, மொத்தக் கொள்ளளவு 25 கோடி கேலன். பசிபிக் முழுமைக்கும் அதுதான் எண்ணெய்க் களஞ்சியம். 2021 நவம்பரில் கசிந்து குடிநீரில் கலந்தது. ராணுவக் குடியிருப்புகளிலேயே குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறு, உடம்பில் தடிப்பு. 2022 மார்ச்சில் மூட உத்தரவாகி, எண்ணெயையெல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள். அவ்வளவு எண்ணெயும் ஒரே மலைக்குள் இருப்பதைவிடப் பல இடங்களிலும் கப்பல்களிலும் பிரிந்து கிடப்பது நல்லதுதான் என்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் லாய்ட் ஆஸ்டின் காரணம் சொன்னார். சரியான வாதம்தான். ஆனால் பிரித்து வைக்கக் கப்பல் வேண்டும், கப்பலுக்கு ஆள் வேண்டும். மேலே சொன்ன அதே ஆள்.

அப்புறம் ஏவுகணை. ஆர்லி பர்க்கின் மேல்தளத்தில் 90, 96 என்று செங்குத்துக் குழிகள் இருக்கும். சுட்டு முடித்தால் நடுக்கடலில் நிரப்ப முடியாது, துறைமுகத்துக்குப் போய் கிரேன் வைத்துத்தான் இறக்க வேண்டும். செங்கடலில் யேமனின் ஹூத்திப் படையினரின் டிரோன்களைச் சுட்டு வீழ்த்திய கப்பல்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. 2024 அக்டோபரில் சான் டியேகோவுக்கு அப்பால் சோசின் என்ற குரூஸர் ரகப் போர்க்கப்பலில், கடலில் வைத்தே ஏவுகணைக் குப்பியைக் குழிக்குள் இறக்குகிற சாதனத்தை முதல் தடவையாகச் சோதித்துக் காட்டினார்கள். குப்பி காலிதான். நல்ல வானிலையில் காலிக் குப்பியை இறக்குவதற்கும், அலையில் ஆடுகிறபோது நிஜ ஏவுகணையை இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் டெக்கில் நின்றவனுக்குத் தெரியும்.

இப்போது உன் மாமா விஷயம். அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு: சொந்த நாட்டைத் தாய்த்துறைமுகமாகக் கொண்ட கடற்படைக் கப்பலுக்கு வெளிநாட்டில் முழு ஓவர்ஹால் செய்யக் கூடாது, போகிற வழியில் ஏற்படுகிற பழுதைச் சரி செய்துகொள்ளலாம். உள்நாட்டுத் தளங்களின் வேலைவாய்ப்பைக் காப்பாற்றப் போட்ட சட்டம். காட்டுப்பள்ளிக்கு வந்த சார்லஸ் ட்ரூ பீரங்கிக் கப்பல் இல்லை, சரக்கும் வெடிபொருளும் சுமக்கிற துணைக் கப்பல். 2023-இல் எல் அண்ட் டி-யோடு கப்பல் பழுதுபார்ப்புக்கென்று பொது ஒப்பந்தம் போட்டார்கள், அடுத்து மும்பை மசகான் கப்பல் தளத்தோடு, 2024-இல் கொச்சித் தளத்தோடு. 2024-இல் அதே ரகத்துக் கப்பல் ஒன்று, வாலி ஷிரா, தென்கொரியாவில் ஹன்வா தளத்துக்குப் போய்ப் பல மாதம் இருந்து பெரிய வேலையே முடித்துக்கொண்டு வந்தது. இது தளம் போடுகிற கதை இல்லை. சொந்த ஊர்ப் பட்டறையில் இடமில்லாமல் போகிற வழியெல்லாம் மெக்கானிக் தேடுகிற கதை. 2016-இல் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட தளவாட ஒப்பந்தத்திலும் எண்ணெய், உணவு, உதிரி பாகம் வாங்கிக்கொண்டு கணக்குத் தீர்ப்பதுதான் இருக்கிறது, படையை நிறுத்த அனுமதி இல்லை.

பதில்: செம்பவாங் மகள்

சீஃப் அண்ணன் சொன்னதோடு சிங்கப்பூர்க் கதையைச் சேர்த்தால்தான் படம் முழுமையாகும்.

பிலிப்பீன்ஸில் சூபிக் பே என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய வெளிநாட்டுக் கடற்படைத் தளங்களில் ஒன்று. 1991 ஜூனில் பினாட்டூபோ எரிமலை வெடித்துச் சாம்பல் கொட்டியது. செப்டம்பர் 16 அன்று பிலிப்பீன்ஸ் செனட் ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்தது, 12-க்கு 11. ஒரே ஓட்டு வித்தியாசம். 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கக் கப்பலும் கிளம்பிவிட்டது. மேற்குப் பசிபிக்கில் கப்பல்களுக்கு எண்ணெய், உணவு, பழுது எல்லாம் ஏற்பாடு செய்கிற தளவாட அலுவலகத்தை அதே வருடம் எங்கள் செம்பவாங்குக்கு மாற்றினார்கள். இன்றும் இங்கேதான் இருக்கிறது.

செம்பவாங் பழைய பிரிட்டிஷ் கடற்படைத் தளம். 1938-இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் உலர்துறை அப்போது உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பியபோது 1968-இல் அது சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து வணிகக் கப்பல் தளம் ஆனது. அங்கே வேலை பார்த்தவர்களில் தமிழரும் மலையாளிகளும் அதிகம், என் அப்பாவும் அதில் ஒருவர். உலர்துறையில் கப்பலின் அடிப்பகுதியில் சிப்பி சுரண்டுகிற வேலையில் ஆரம்பித்தவர். சம்பளம் கொடுக்கிற கொடி மாறியதே தவிர, சிப்பி மாறவில்லை என்பார்.

கவனிக்க வேண்டியது, சிங்கப்பூர் ஒருநாளும் இதைத் "தளம்" என்று ஒப்புக்கொண்டதில்லை. 1990-இல் போட்ட உடன்படிக்கை, வசதிகளைப் பயன்படுத்த அனுமதி. சாங்கியில் விமானந்தாங்கி வந்து கட்டுகிற அளவுக்கு ஆழமான துறையைச் சிங்கப்பூர் தன் செலவிலேயே கட்டியது. 2001-இல் கிட்டி ஹாக் என்ற அமெரிக்க விமானந்தாங்கி வந்து கட்டியது. 2019-இல் உடன்படிக்கையை 2035 வரை நீட்டித்தார்கள். அதே 2019-இல் சீனாவோடும் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தத்தை மேம்படுத்திக்கொண்டார்கள். இங்கே இரண்டு பக்கமும் சிரிப்பது அரசின் முழுநேர வேலை. தைவான் விஷயத்தில் நிஜமாகவே சண்டை மூண்டால் சாங்கியில் எண்ணெய் ஊற்ற அனுமதி உண்டா என்று யாரும் வாய் திறந்து கேட்பதில்லை; கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும்.

பதில்: திருமலை வாசி

எண்ணெய்த் தொட்டி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கட திருகோணமலையில் 99 தொட்டி இருக்கிறது. சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள்ள பிரிட்டிஷ்காரன் கட்டினது, ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல் கொள்ளும். 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். ஒரு விமானம் தொட்டி ஒன்றின் மேலேயே விழுந்தது, உருகி வளைந்த இரும்பு பல காலம் அப்படியே கிடந்தது. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்ம்ஸ் விமானந்தாங்கியையும் மூழ்கடித்தார்கள். அதாவது சீஃப் ஐயா சொல்கிற விஷயம் ஜப்பானுக்கு அப்பவே விளங்கியிருந்தது. (ஹவாயின் முத்துத் துறைமுகத்தில், அதாவது பேர்ல் ஹார்பரில், எண்ணெய்த் தொட்டிகளை விட்டுவிட்டுக் கப்பல்களையும் விமானங்களையும் அடித்ததும் அதே ஜப்பான்தான்.)

2022 ஜனவரியில் அந்தத் தொட்டிகளைப் பங்கு பிரித்தார்கள்: இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 இரண்டு பேரும் சேர்ந்த கம்பனிக்கு. அதே வருஷம் ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு யுவான் வாங் 5 வந்தது. சீனாவின் ஏவுகணை, செயற்கைக்கோள் கண்காணிப்புக் கப்பல். டெல்லி கத்தின கத்தில் எங்கட அரசு முதலில் தள்ளிப்போடச் சொல்லி, பிறகு விட்டுது. தம்பி சொல்கிற காட்டுப்பள்ளிக் கப்பலும் அதே ஆகஸ்ட்தான். ஒரு கடலின் இந்தக் கரையில் அமெரிக்கன் கட்டி நிற்க, அந்தக் கரையில் சீனன் எண்ணெய் எடுத்துக்கொண்டு நின்றான். நாங்கள் அந்த மாதம் பெற்றோல் கியூவில் நின்றோம்.

டியேகோ கார்சியா பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. இந்து சமுத்திரத்தில் அமெரிக்காவின் குண்டுவீச்சு விமானம் நிற்கிற பிரிட்டிஷ் தீவு என்று உங்களுக்குத் தெரியும். 2021 ஒக்டோபரில் கனடா போக வெளிக்கிட்ட எங்கட சனம், குழந்தைகளோட, படகு பழுதாகி அங்கே கரை சேர்ந்தது. தளத்துக்குள்ளேயே கம்பி வேலி போட்டுக் கூடாரத்தில் மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலானவர்களை இங்கிலாந்துக்கு எடுத்தார்கள். அதே மாதம் அந்தத் தீவின் நீதிமன்றமே அது சட்டவிரோதத் தடுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்னம், 1968-க்கும் 1973-க்கும் இடையில், அந்தத் தீவு சேர்ந்த சாகோஸ் தீவுக்கூட்டத்துச் சனத்தையே வெளியேற்றித்தான் அந்தத் தளத்தைக் கட்டினார்கள். ஓடுபாதையின் நீளத்தைச் சொல்லேக்க இதையும் சொல்ல வேண்டும்.

பதில்: வான்படை ரசிகன்

சீஃப் சாரின் பதிவு அருமை, ஆனால் ஒரு பெரிய ஓட்டை. சீனாவின் டிஎஃப்-26 ஏவுகணை எட்டும் தூரம் சுமார் 4,000 கிலோமீட்டர். மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கத் தளம் இருக்கிற குவாம் தீவு அதற்குள்தான் வருகிறது, அதனால்தான் அதற்குக் "குவாம் கொல்லி" என்று பட்டப்பெயர். ஜப்பானில் இருக்கிற கடேனா, யோகோசுகா தளங்கள் எல்லாம் இன்னும் பக்கம். முதல் நாளிலேயே தொட்டியும் ஓடுபாதையும் போய்விட்டால் எண்ணெய்க் கப்பலைப் பற்றிப் பேசி என்ன பயன்? அப்புறம் 2025 ஜூனில் ஈரான் அணு நிலையங்களை அடித்த பி-2 குண்டுவீச்சு விமானங்கள் அமெரிக்காவின் மிசூரியிலிருந்தே கிளம்பிப் போய் வந்தன. தளமே தேவையில்லை என்று ஆகிவிட்டது.

பதில்: பழைய சீஃப்

திருமலைத் தம்பி சொன்ன முத்துத் துறைமுகத் தொட்டி விஷயத்தைத்தான் நானும் எழுத நினைத்தேன், முந்திக்கொண்டார். அந்தத் தொட்டிகள் எரிந்திருந்தால் போர் இன்னும் இரண்டு வருடம் நீண்டிருக்கும் என்று அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதியாக இருந்த நிமிட்ஸே பின்னால் சொல்லியிருக்கிறார். ஹவாயில் கடைசியில் தொட்டியைக் காலி செய்ய வைத்தது சொந்தக் கவனக்குறைவுதான்.

ரசிகர் தம்பிக்கு. பி-2 ஏழும் போய்த் திரும்ப 37 மணி நேரம் ஆனது, நடுவானில் பல தடவை எண்ணெய் நிரப்பிக்கொண்டு. நிரப்பிய டேங்கர் விமானங்கள் எங்கிருந்து எழும்பின? வழியிலே இருக்கிற தளங்களிலிருந்துதான். அது ஒரு ராத்திரி வேலை வேறு, ஆளுக்கு இரண்டு குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதே வேலையைத் தினமும் செய் என்றால் மிசூரியிலிருந்து முடியாது. அதே வருடம் மார்ச், ஏப்ரலில் யேமனை அடித்துக்கொண்டிருந்தபோது ஆறு பி-2 விமானங்களை டியேகோ கார்சியாவில் கொண்டுவந்து நிறுத்தியது சும்மா இல்லை. பிரிட்டன் 2025 மே மாதம் அந்தத் தீவுக்கூட்டத்தின் இறையாண்மையை மொரீஷியஸுக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டபோதும், தளத்தை மட்டும் 99 வருடக் குத்தகைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது. வருடத்துக்குச் சராசரியாக 10 கோடி பவுண்டுக்கு மேல் வாடகை. தேவையில்லாத இடத்துக்கு யாரும் அந்த வாடகை கொடுப்பதில்லை.

ஆனால் குவாம் பற்றி நீ சொன்னது நிஜம். அமெரிக்காவும் அதை நம்புகிறது, அதனால்தான் குவாமுக்குப் பக்கத்து டினியன் தீவில் காடு மண்டிக் கிடந்த பழைய ஓடுபாதைகளைத் தோண்டி எடுக்கிறார்கள். ஹிரோஷிமா குண்டோடு விமானம் கிளம்பிய அதே நார்த் ஃபீல்டு. முட்டையை ஒரே கூடையில் வைக்காமல் பத்து இடத்தில் வைக்கிற திட்டம். பிலிப்பீன்ஸில் 2014 ஒப்பந்தத்தில் ஐந்து இடம், 2023-இல் இன்னும் நான்கு. 1991-இல் ஒரு ஓட்டில் வெளியே அனுப்பிய நாடுதான், தனது என்று சொல்கிற பவழத்திட்டுகளில் சீனா ஓடுபாதை போட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் டைஃபோன் ஏவுகணை வண்டியைப் பயிற்சி என்று லூசானுக்குக் கொண்டுவந்தார்கள், பயிற்சி முடிந்தும் அது ஊர் திரும்பவில்லை. பெய்ஜிங் அதற்குக் கத்திய கத்தலே அது நின்ற இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சாட்சி.

பத்து இடத்தில் வைத்தால் பத்து இடத்துக்கும் எண்ணெய், குண்டு, தண்ணீர், சோறு போக வேண்டும். கப்பல் கணக்கு பத்து மடங்கு கூடும், குறையாது. ஏவுகணை வந்ததால் என் வாதம் விழவில்லை தம்பி, இன்னும் அவசரமாகிவிட்டது.

சீனாவின் கஷ்டம் தலைகீழ். வெளிநாட்டில் முறையான தளம் 2017-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் ஒன்று, அங்கே இருக்கிற அமெரிக்கத் தளமான கேம்ப் லெமோனியேக்குச் சில மைல் தள்ளி. கம்போடியாவில் ரீம் கடற்படைத் தளத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மேல் பெரிதாக இல்லை. தூரக் கடலில் மாதக்கணக்கில் ஒரு அணியை வைத்துக் காப்பாற்ற அவர்களுக்கு இன்றைக்கு முடியாது. எண்ணெய் இறக்குமதியில் பெரும்பகுதி மலாக்கா நீரிணை வழியாக வருகிறது, அப்போதைய சீன அதிபர் ஹூ ஜிந்தாவ் 2003-லேயே அதைப் பற்றிக் கவலைப்பட்டார். ஆனால் கப்பல் கட்டுகிற இடத்தில் அவர்களை யாரும் நெருங்க முடியாது. உலகத்தில் கட்டுகிற வணிகக் கப்பல்களில் டன் கணக்கில் பாதிக்கு மேல் சீனா, அமெரிக்கா சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் கடைசியாக வேலை பார்த்த கப்பல்களில் எஞ்சின் அறைப் பெயர்ப்பலகை சீன எழுத்தில்தான் இருந்தது. சரக்குக் கப்பல் கட்டுகிற அதே வளாகத்தில் போர்க்கப்பலும் கட்டுகிறான். வெல்டர், கிரேன், இரும்பு எல்லாம் பொது. அமெரிக்காவில் கான்ஸ்டலேஷன் என்று ஒரு ஃபிரிகேட்டை, இத்தாலியில் ஏற்கெனவே ஓடுகிற வடிவத்தை வாங்கி, திருத்தித் திருத்தி மூன்று வருடம் தாமதமாக்கி, 2025 நவம்பரில் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ரஷ்யாவைப் பாருங்கள், பட்டறை போனால் என்ன ஆகும் என்று தெரியும். 2018 அக்டோபரில் ரோஸ்லியாகோவோவில் பிடி-50 மிதவைத் துறை, உள்ளே குஸ்நெட்சோவ் விமானந்தாங்கி இருக்கும்போதே மின்சாரம் போய் மூழ்கிவிட்டது. கிரேன் கப்பலின் தளத்தில் விழுந்து ஓட்டை போட்டது. அவர்களின் ஒரே விமானந்தாங்கி அதற்கப்புறம் கடலுக்குப் போகவே இல்லை. இன்னொன்று, எஞ்சினியருக்குப் பிடித்த கதை: ரஷ்யப் போர்க்கப்பல்களுக்கு கேஸ் டர்பைன் உக்ரைனில் மிக்கோலாயிவ் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2014-இல் கிரிமியாவைப் பிடித்ததும் உக்ரைன் நிறுத்திவிட்டது. கிரிகோரோவிச் ரக ஃபிரிகேட்டுகளின் உடல் தயார், எஞ்சின் இல்லை. அதில் இரண்டை இந்தியா வாங்கி, டர்பைனை உக்ரைனிடம் தனியாக வாங்கி ரஷ்யாவுக்கு அனுப்பி வைத்தது. அவைதான் துஷில், தமால். சண்டைக்காரர்கள் இருவரின் சரக்கும் ஒரே எஞ்சின் அறையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, மீஞ்சூர்த் தம்பியின் கேள்விக்கு: தூரக் கடலில், சில வாரச் சண்டையில், அமெரிக்காதான் முதல். தைவான் வாசலில், மாதக்கணக்கில் இழுத்து, இரண்டு பக்கமும் கப்பல் இழக்க ஆரம்பித்தால், இழந்ததைக் கட்டிக்கொள்ளக்கூடியவன் சீனா. 1941-இல் ஜப்பானுக்கு எதிரே அமெரிக்கா நின்ற இடத்தில் இப்போது சீனா நிற்கிறது, கப்பல் தளத்தைப் பொறுத்தவரை.

மீஞ்சூர் பையன்

ரொம்ப நன்றி ஐயா, அக்கா, திருமலை அண்ணா. ஒரே ஒரு சந்தேகம். கூட்டாளி நாடுகளும் அமெரிக்காவுக்குப் பலம்தானே. ஜப்பானும் கொரியாவும் கப்பல் கட்டுவதில் கெட்டிக்காரர்களாயிற்றே, அவர்களையே கட்டிக் கொடுக்கச் சொன்னால் என்ன?

பழைய சீஃப்

கேட்கலாம்தான், குறுக்கே சட்டம் நிற்கிறது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலை வெளிநாட்டில் கட்டக் கூடாது, அதிபர் விலக்கு கொடுத்தால் தவிர. வணிகக் கப்பலுக்கு 1920-இலிருந்து ஜோன்ஸ் சட்டம்: உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே ஓடுகிற கப்பல் உள்நாட்டில் கட்டியதாக இருக்க வேண்டும். அதனால் கொரியாக்காரன் சுற்று வழியில் வந்தான். ஹன்வா 2024 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிற ஒரு கப்பல் தளத்தையே 10 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. தளம் வாங்கலாம், வெல்டரை எங்கே வாங்குவது என்பதுதான் இப்போது அங்கே பாடு.

ஆஸ்திரேலியாவிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2012-இலிருந்து டார்வினில் அமெரிக்க மரைன் படை முறை வைத்து வந்து தங்குகிறது. 2015-இல் அந்த டார்வின் துறைமுகத்தையே லேண்ட்பிரிட்ஜ் என்ற சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒபாமா ஆஸ்திரேலியப் பிரதமரிடமே கேட்டாராம். மாமாவிடம் இதையும் சொல், காட்டுப்பள்ளியை மறந்துவிடுவார்.